ஒளிந்தே இருக்கும் குட்டிச் சிக்லிட்களை வெளியே வரவழைப்பது எப்படி?

கேள்வி இது: 60 செ.மீ. நீளத் தொட்டியில் ஒரு ஜோடி ராம், ஒரு ஜோடி கக்கட்டுவாய்டிஸ் அபிஸ்டோ (இரண்டுமே தென் அமெரிக்காவின் குட்டிச் சிக்லிட் மீன்கள்). வாங்கி மூன்று வாரமாகியும் ஆள் நிழல் பட்டாலே ஓடி ஒளிகின்றன. நிறம் வெளிறிவிட்டது. மீன் கண்ணில் படட்டும் என்று கல்லையும் செடியையும் பாதியாகக் குறைத்தும் பலனில்லை. இவற்றின் இயல்பே இப்படித்தானா, வேறு மீனுக்கு மாறிவிடலாமா?

மாற வேண்டாம். இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எடுத்துவிட்ட கல்லையும் செடியையும் திரும்பப் போடுங்கள். முன்பு இருந்ததைவிட அதிகமாகவே போடுங்கள்.

கேட்க முரணாக இருக்கும், ஆனால் காரணம் எளிது. இந்த மீன்கள் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர்தான் வளரும். இயற்கையில் மேலிருந்து மீன்கொத்தியும் கொக்கும், பக்கத்திலிருந்து பெரிய மீன்களும் இவற்றை வேட்டையாடுகின்றன. அதனால் ஒவ்வொரு நொடியும் இவை ஒன்றை மட்டும் அளந்துகொண்டே இருக்கும்: இப்போது ஆபத்து வந்தால் நான் புகுந்துகொள்ளும் இடம் எவ்வளவு தூரம்? அந்த இடம் ஒரு சாண் தொலைவில் இருந்தால் மீன் தைரியமாக வெளியே வந்து மணலைக் கிளறும், துடுப்பை விரிக்கும், சண்டையும் போடும். தொட்டியின் மறுகோடியில்தான் புகலிடம் என்றால், இருக்கும் பொந்தை விட்டு நகராது. மறைவிடத்தைக் குறைத்தால் மீன் கண்ணில் படும் என்பது நம் கணக்கு. மறைவிடம் குறைந்தால் வெளியே வருவது வீண் ஆபத்து என்பது மீனின் கணக்கு. தொட்டிக்குள் செல்லுபடியாவது மீனின் கணக்குதான்.

கக்கட்டுவாய்டிஸ், அபிஸ்டோ இனங்களிலேயே துணிச்சலானவற்றுள் ஒன்று. குஞ்சுகளோடு இருக்கும் பெண், தன்னைவிடப் பல மடங்கு பெரிய மீனையும் முட்டி விரட்டும். அப்படிப்பட்ட மீன் மூன்று வாரமாக ஒளிந்திருக்கிறதென்றால் அதைக் கூச்சம் என்று விட்டுவிட முடியாது. உங்கள் தொட்டியில் ஏதோ ஒன்று அதற்குச் சரிப்படவில்லை. எது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இந்த இரண்டு ஜோடியும் ஒரே தொட்டியில் இருப்பதே சிக்கல். ராம், வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளில் ஒரினோகோ ஆற்றுப் படுகையின் புல்வெளிச் சமவெளிகளைச் சேர்ந்தது. அங்கே ஆழமில்லாத, வெயிலில் காய்ந்து சூடேறிய நீரில் வாழ்கிறது. அதற்கு 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும். 24, 25 டிகிரியில் வைத்தால் மந்தமாகி ஒடுங்கி, சீக்கிரம் நோயில் விழும். கக்கட்டுவாய்டிஸ் அமேசானின் மேற்குப் பகுதியில், காட்டு ஓடைகளின் கரையோரம் உதிர்ந்து கிடக்கும் இலைக் குப்பைக்குள் வாழ்வது. அதற்கு 24 முதல் 27 வரை போதும். நடுவில் 27-ல் நிறுத்தி இரண்டையும் சமாளிக்கலாம் என்றாலும் இடத் தகராறு தீராது. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தரைப்பரப்பு ஒரு ஜோடிக்குத்தான் சரியாக இருக்கும். இரண்டு ஆண்கள் எல்லை பிரிக்கும்போது பெண்கள் இரண்டும் ஒதுங்க இடமில்லாமல் தவிக்கும். ஒரு ஜோடியை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், அல்லது 90 செ.மீ., 120 செ.மீ. நீளத் தொட்டிக்குப் போங்கள். குட்டிச் சிக்லிட்களுக்குத் தொட்டியின் உயரம் பெரிய விஷயமில்லை. அவை தரையை ஒட்டி வாழ்பவை, அதனால் நீளமும் அகலமும்தான் கணக்கு. லிட்டர் எண்ணிக்கையைக் காட்டி விற்கும் உயரமான, ஒடுங்கிய தொட்டிகள் இவற்றுக்கு உதவாது.

அடுத்து உள்ளே என்ன போடுவது. தரைக்கு மெல்லிய மணல். அபிஸ்டோவும் ராமும் மணலை வாயில் அள்ளிச் சலித்து, அதிலுள்ள துணுக்கை உண்டு, மீதியைச் செவுள் வழியாக வெளியேற்றும். பருத்த கூழாங்கல் தரையில் இந்த வேலையைச் செய்ய முடியாது. செய்ய வேலை இல்லாத மீன் ஒளிந்துதான் கிடக்கும். மணல் போட்ட சில நாளிலேயே நடத்தையில் மாற்றம் தெரிவதுண்டு.

மணலின் மேல் காய்ந்த இலை. இதற்கு ஈடான பொருள் வேறு எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பாதாம் இலை என்று மீன் வளர்ப்போர் சொல்லும் நாட்டு வாதுமை இலைதான் எல்லோரும் பயன்படுத்துவது. மரத்திலேயே பழுத்து உதிர்ந்து, நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். மருந்து தெளித்த இடத்திலிருந்து எடுக்கக் கூடாது. கழுவி, வெந்நீரில் சற்று ஊறவைத்துப் போட்டால் சீக்கிரம் மூழ்கும். இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்போது நடுவில் பல சிறு அறைகள் உருவாகின்றன. மீன் தொட்டியின் எந்த மூலையில் நின்றாலும் அடியிலேயே புகலிடம் இருக்கும். இலையிலிருந்து இறங்கும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் தண்ணீரைத் தேநீர் நிறமாக்கி வெளிச்சத்தைத் தணிக்கும். இலை மட்கும்போது அதன்மேல் படியும் நுண்ணுயிர்ப் படலம் குஞ்சுகளுக்கு முதல் உணவாகவும் ஆகும். சில வாரங்களில் இலை நரம்பாகிவிடும்போது புதிதாகச் சிலவற்றைச் சேர்த்தால் போதும். தண்ணீர் பளிங்குபோல் தெரிய வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு இந்த நிறம் முதலில் பிடிக்காது. ஆனால் அந்த நிறத்தில்தான் இந்த மீன்களின் நீலமும் மஞ்சளும் எழும்பித் தெரியும்.

பொந்துக்குக் கொட்டாங்குச்சி அருமையான பொருள். நார் நீக்கி, கொதிக்கவைத்து, ஓரத்தில் சிறு வாயில் வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். வாயில், பெண் நுழையும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும். அபிஸ்டோவில் ஆண் பெரிது, பெண் சிறிது. ஆண் நுழைய முடியாத பொந்து பெண்ணுக்குக் கோட்டை. ஒரு பெண்ணுக்கு இரண்டு, மூன்று பொந்துகளாவது, வாயில்கள் வெவ்வேறு திசை பார்த்தபடி இருக்க வேண்டும். ராம் பொந்தில் முட்டையிடாது. தட்டைக் கல்லிலோ மணல் குழியிலோ இடும். அதனால் அதற்குச் செடிப் புதரும் சில தட்டைக் கற்களும் போதும். மரக்கட்டைகளைத் தொட்டியின் குறுக்கே ஒரு கோடியிலிருந்து மறுகோடி தெரியாதபடி வையுங்கள். துரத்துகிற மீனின் கண்ணிலிருந்து ஒரு கணம் மறைந்தாலே துரத்தல் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

மேலே மிதக்கும் செடி அவசியம். சால்வீனியா, ஃப்ராக்பிட் எதுவானாலும் சரி. நீர்ப்பரப்பில் பாதியையாவது மூடட்டும். தலைக்கு மேல் திறந்த வெளிச்சம் என்றால் பறவைக்குத் தெரியும் இடம் என்றே இந்த மீன்கள் எடுத்துக்கொள்கின்றன. அடியில் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகோரைன் போன்ற குறைந்த வெளிச்சத்தில் வளர்பவை போதும். தொட்டியின் பின்புறத்தையும் பக்கவாட்டுக் கண்ணாடிகளையும் வெளியிலிருந்து கறுப்புத் தாளால் மூடிவிடுங்கள். நாலு பக்கமும் ஆள் நடமாட்டம் தெரியும் தொட்டியில் எந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்பது என்றே மீனுக்குத் தெரியாது.

இவை அனைத்தையும் செய்த பிறகும் மீன் தயங்கினால், அப்போதுதான் துணை மீன்களின் வேலை. விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜார்ஜ் பார்லோ 1968-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆய்வுத் தொட்டியில் மீன்கள் பயந்து ஒடுங்கிவிட்டால் அவற்றின் இயல்பான நடத்தையைக் கவனிக்கவே முடியாது. அந்தத் தொட்டிக்குள் வேறு சிறு மீன்கள் மேலே சாவதானமாக நீந்திக்கொண்டிருந்தால் பயம் தணிகிறது. இதைத்தான் அவர் டித்தர் என்ற சொல்லால் குறித்தார். மேலே கூட்டம் கலையாமல் திரிகிறதென்றால் சுற்றுவட்டாரத்தில் வேட்டை மீனோ பறவையோ இல்லை என்று அடியில் இருக்கும் சிக்லிட் தெரிந்துகொள்கிறது. உலகெங்கும் மீன் வளர்ப்போர் இன்றும் நம்பிச் செய்யும் வழி இது.

எந்த மீன் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். டித்தர் மீன் அமைதியாக, கூட்டமாக, மேல்மட்டத்திலோ நடுமட்டத்திலோ நீந்த வேண்டும். பென்சில் மீன் இதற்கென்றே பிறந்தது போலிருக்கும். சிறிய வாய், நிதான நடை, தரைப்பக்கம் அதிகம் வராது. ராம் தொட்டியின் சூட்டுக்குக் கார்டினல் டெட்ராவும் ரம்மி நோஸ் டெட்ராவும் தாங்கும். நியான் டெட்ரா குளிர்ந்த நீரை விரும்புவது, 28 டிகிரியில் நாளடைவில் நலிந்துவிடும். பார்க்க ஒன்றுபோல் இருப்பதால் கார்டினலுக்குப் பதில் நியானை வாங்கிவிடாதீர்கள். ஹேட்செட் மீன் மேற்பரப்பிலேயே நிற்பதால் நல்லதுதான். ஆனால் அது துள்ளி வெளியே விழும், மூடி இல்லாத தொட்டியில் விடக் கூடாது. டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும், பெரிய டேனியோக்கள் ஓயாமல் ஓடிச் சிக்லிட்டின் சாப்பாட்டையும் பறித்துவிடும். எண்ணிக்கை எட்டுக்குக் குறைய வேண்டாம். நாலு டெட்ரா மட்டும் விட்டால் அவையே பயந்து மூலையில் ஒண்டும். மேலே இருப்பவை பயந்து நின்றால் கீழே இருப்பவற்றுக்கு அதுவே ஆபத்தின் அறிவிப்பு.

தரைமட்டத்தில் கோரிடோராஸ் விடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பெரிய தொட்டியில் விடலாம், 60 செ.மீ. தொட்டியில் வேண்டாம். சிக்லிட் எல்லை வகுத்து மிரட்டினாலும் கோரிக்கு அந்த மொழி புரியாது, திரும்பத் திரும்ப உள்ளே வந்து அடிவாங்கும். இரவில் சிக்லிட் முட்டைகளையும் தின்றுவிடும். இரு பக்கமும் நஷ்டம்.

தொட்டி இருக்கும் இடத்தையும் பாருங்கள். கதவருகே, நடைபாதை ஓரம், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் என்றால் அதிர்வு முழுவதும் தண்ணீருக்குள் போகும். மீன் உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டால் அதை உடனே அறியும். தாழ்ந்த மேசையில் உள்ள தொட்டியை நாம் மேலிருந்து குனிந்து பார்க்கிறோம். மேலிருந்து கவியும் பெரிய உருவம் மீனுக்கு வேட்டைப் பறவைதான். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும் உயரத்தில் தொட்டியை வைப்பது நல்லது. இருட்டில் திடீரென்று தொட்டி விளக்கைப் போடாதீர்கள். முதலில் அறை விளக்கு, கால்மணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கு. அணைக்கும்போது தொட்டி விளக்கை முதலில் அணைத்து, அறை விளக்கைப் பிறகு அணையுங்கள். கண்ணாடியைத் தட்டுவது, வாராவாரம் கல்லை இடம் மாற்றி அழகுபடுத்துவது இரண்டையும் அறவே விடுங்கள். மீன் தன் எல்லையை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. நாம் இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இனி தண்ணீர். தண்ணீர் சரியில்லாததால் ஒடுங்கிக் கிடக்கும் மீனைக் கூச்சம் என்று தவறாக நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. அதனால் ஒரு சோதனைப் பெட்டி வாங்கி அளந்துவிடுங்கள். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் லிட்டருக்கு 20 மி.கி.க்குக் கீழ். முதல் இரண்டில் எது தெரிந்தாலும் மற்ற எல்லா யோசனையையும் ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். ராம் இந்த விஷயத்தில் மிகவும் பலவீனமான மீன். பில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா வேரூன்ற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்கும் மேல் சில மாதம் ஓடிப் பழகிய தொட்டியில்தான் ராமை விட வேண்டும். புதுத் தொட்டியில் விட்ட ராம் செத்துப்போவதைப் பார்த்து ராமையே குறை சொல்பவர்கள் நிறைய.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்பட வேண்டாம். தொட்டியில் வளர்த்துப் பெருக்கிய கக்கட்டுவாய்டிஸ் 6 முதல் 7.5 வரை நன்றாக இருக்கும். பண்ணை ராமும் நடுத்தரமான நீரைத் தாங்கும். இயற்கையிலிருந்து பிடித்து வந்தவை மென்மையான, அமிலத் தன்மையுள்ள நீரை எதிர்பார்க்கும். மருந்து ஊற்றிப் பிஹெச்சை ஒரே நாளில் இறக்குவதுதான் ஆபத்து. கடின நீர் என்றால் ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து, பல வாரங்களில் மெல்ல மாற்றுங்கள். முழுக்க ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றினால் பிஹெச்சை நிலையாக வைத்திருக்கும் கார்பனேட் கடினத்தன்மை இல்லாமல் அது ஒருநாள் சடாரென்று விழும். வாரம் ஒருமுறை 15 முதல் 25 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாகவும், வெப்பநிலை பழைய தண்ணீருக்குக் கிட்டத்தட்டச் சமமாகவும் இருக்க வேண்டும். பில்டருக்கு ஸ்பான்ஜ் பில்டர் போதும். ஓட்டம் வேகமாக அடிக்கும் பில்டர் இருந்தால் அதன் வாயைக் கண்ணாடி பக்கம் திருப்பி வையுங்கள்.

சாப்பாடு, பயத்தைப் போக்கும் நேரடி வழி. இவற்றின் வாய் சிறிது. மிதக்கும் தட்டையான உணவைப் போட்டால் டெட்ராக்கள் காலி செய்துவிடும், சிக்லிட் கீழே காத்திருந்து ஏமாறும். ஒரு கோடியில் டெட்ராக்களுக்கு முதலில் போட்டு அவற்றை அங்கே இழுத்துவிடுங்கள். மறுகோடியில் நீண்ட பிப்பெட்டால், ஆர்ட்டிமியா குஞ்சு, டாஃப்னியா, சைக்ளாப்ஸ் போன்ற நுண்ணிய நீருயிர்களை உறைய வைத்த உணவைப் பொந்து வாயிலருகே மெதுவாக விடுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம். அடுத்தடுத்த நாட்களில் பிப்பெட்டைப் பொந்திலிருந்து சற்றுத் தள்ளித் தள்ளி வைத்தால் மீனும் கூடவே வெளியே வரும். கொஞ்ச நாளில் பிப்பெட்டைக் கண்டதுமே முன்கண்ணாடிக்கு வந்து நிற்கும். மணலில் விழுந்த மிச்சத்தை அன்றே உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

இதுவரை சொன்னவை பயத்துக்கு. ஒளிவதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு, அவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

ஒன்று, மற்ற மீனிடம் அடிவாங்குவது. பயந்த மீன் கீழே, பொந்துக்குள் அல்லது இலைக்கடியில் இருக்கும். அடிவாங்கும் மீன் மேல்மூலையில், ஹீட்டருக்குப் பின்னால், நீர்ப்பரப்பை ஒட்டித் துடுப்பைச் சுருக்கி நிற்கும். அதன் துடுப்பு ஓரங்கள் கிழிந்திருக்கும். கீழே இறங்க முயன்றதும் இன்னொரு மீன் பாய்ந்து வரும். இதற்குத் தாமதம் கூடாது. அன்றே பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சில நாளில் அந்த மீன் இறந்துவிடும். அபிஸ்டோவில் பெண்தான் வழக்கமாக அடிபடும் என்றாலும், முட்டையிட்ட பிறகு அதே பெண் ஆணை இப்படி மூலையில் ஒதுக்கிவிடுவதும் உண்டு.

இரண்டாவது, நோய். வயிறு ஒட்டி, சாணம் வெள்ளை நூலாக நீண்டு தொங்கினால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். குதத்தில் சிவந்த மெல்லிய இழைகள் துருத்தினால் அது கமல்லானஸ் புழு. அதற்கு லெவாமிசோல் என்னும் புழுநீக்க மருந்து கொடுத்து தொட்டி முழுவதற்கும் வைத்தியம் பார்க்க வேண்டும். மூச்சு வேகமாக வாங்கினால் மறுபடி தண்ணீரை அளந்து பாருங்கள். சாப்பாட்டை வாயில் எடுத்துத் துப்பும் மீனைக் கவனியுங்கள். பயந்த மீன் யாரும் இல்லாதபோது சாப்பிட்டுவிடும். நோயுற்ற மீன் அப்போதும் சாப்பிடாது. எந்த மருந்தானாலும் அனுபவமுள்ளவரிடம் அளவைக் கேட்டுப் போடுங்கள்.

நிறத்தை வாசிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அபிஸ்டோவின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஒரு கருங்கோடு மட்டும் அழுத்தமாகத் தெரிந்து மற்ற நிறம் மங்கியிருந்தால் அது அடங்கிப் போகும் மனநிலை, அல்லது கலக்கம். கோடு மங்கி நீலமும் மஞ்சளும் எழும்பினால் நிம்மதியாக இருக்கிறது. நீங்கள் செய்த மாற்றம் பலன் தருகிறதா என்று இதை வைத்தே ஒரு வாரத்துக்குள் ஓரளவு தெரிந்துவிடும். முழுத் தைரியம் வர மாதக்கணக்கு ஆகலாம்.

வேறு இனம் பார்க்கிறீர்கள் என்றால், அபிஸ்டோவில் பொரெல்லி சாதுவானது, சற்றுக் குளிர்ந்த நீரையும் தாங்கும். நன்னகாரா அனோமலாவும் லேட்டகாரா கர்விசெப்ஸும் தொடங்குபவர்களுக்கு ஏற்றவை. ஆப்பிரிக்காவின் கிரிப் சிக்லிட் உறுதியான உடம்புக்காரி, ஆனால் குஞ்சு பொரித்தால் சிறிய தொட்டியில் மற்ற மீன்களை ஒண்ட விடாது. சதுரங்கச் சிக்லிட் எனப்படும் டிக்ராசஸ் பிலமென்டோசஸ், நான் அறிந்த வரை இந்த வரிசையிலேயே மிகவும் கூச்சமுள்ளது. மிக மென்மையான, அமில நீர் கேட்கும். மற்ற எல்லாம் கைவந்த பிறகு அதைத் தொடலாம். டாங்கனிகா ஏரியின் சிப்பிச் சிக்லிட்டான மல்டிஃபாசியாட்டஸ் ஐந்து செ.மீ.கூட எட்டாத அழகான மீன். ஆனால் அதன் உலகமே வேறு. பிஹெச் 8-க்கு மேல், கடின நீர், ஆழமான மணல், மீன்களின் எண்ணிக்கையைவிட அதிகமான நத்தை ஓடுகள். அமேசான் மீன்களோடு ஒரே தொட்டியில் அதைச் சேர்க்கவே முடியாது.

உங்கள் கக்கட்டுவாய்டிஸ் ஜோடிக்கு மேலே சொன்ன அமைப்பு கிடைத்தால், பெண் ஒருநாள் பளீர் மஞ்சளாகிக் கறுப்புப் புள்ளிகளோடு பொந்து வாயிலில் நின்று ஆணை விரட்டத் தொடங்கும். முட்டை வைத்துவிட்டது என்று அர்த்தம். பொந்தைத் தூக்கிப் பார்க்காதீர்கள், பெண் முட்டையைத் தின்றுவிடலாம். இரண்டு, மூன்று நாளில் பொரியும். மேலும் நான்கைந்து நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்க, பெண் அவற்றை இலைகளுக்கிடையே மேய்க்கும். அந்த வாரத்துக்காக ஆணை மாற்றி வைக்க ஒரு சிறிய தொட்டியை ஸ்பான்ஜ் பில்டரோடு முன்கூட்டியே தயாராக வையுங்கள். வெப்பநிலையை 26-க்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். ரோமர், பெய்சன்ஹெர்ஸ் இருவரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், அபிஸ்டோ குஞ்சுகள் வளரும் நீர் சூடாக இருந்தால் ஆண்களே அதிகம் ஆகின்றன என்று காட்டினார்கள். எல்லாமே ஆணாகிவிட்டால் அவற்றை வைக்கவும் கொடுக்கவும் சிரமம். குஞ்சுகளுக்கு அன்றன்று பொரித்த ஆர்ட்டிமியாவை நாளைக்கு இரண்டு, மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, தண்ணீரைச் சிறுகச் சிறுக அடிக்கடி மாற்றி வாருங்கள்.